வெட்டிப் போட்ட வாக்கியங்கள்

ஆறு வருடத்தில் மாசானம் வெட்டியெடுத்த வாக்கியங்கள் எட்டாயிரத்துச் சொச்சம். ஒன்றைக்கூடக் கெட்ட எண்ணத்தில் வெட்டவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் பாதியிலாவது நிறுத்தியிருப்பான். நல்லது செய்கிறோம் என்று நினைக்கிறவனுக்கு நிறுத்தத் தோன்றுவதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு வாடகை மாடியில் இயங்கியது துணைக்குரல் அறக்கட்டளை. மோட்டார் நியூரான் நோய் வந்தவர்களுக்கான இடம். தசையை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் நோய் அது. ஒருவருக்குக் கையில் தொடங்கும், இன்னொருவருக்கு நாக்கில். அப்புறம் விழுங்குவது போகும், கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் தெளிவாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று வருடம், மிஞ்சினால் ஐந்து. மருந்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடியில் கூட்டம் நடக்கும். சக்கர நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, குரல் இன்னும் மிச்சம் இருக்கிறவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். எப்படிக் குளிக்கிறேன், யார் ஊட்டுகிறார்கள், மூக்கில் ஈ உட்கார்ந்தால் என்ன செய்கிறேன். அதைப் பதிவு செய்து, வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நோயாளிகள் கேட்பதற்காக வலையில் ஏற்றுவார்கள். குரல் போவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பதால் எல்லாமே அவசரமாக நடக்கும்.

பதிவைச் சுத்தம் செய்வது மாசானத்தின் வேலை. இருமல், செருமல், நாற்காலி கிறீச்சிடுவது, இதையெல்லாம் எடுக்கத்தான் முதலில் அவனைச் சேர்த்தார்கள். இரண்டாவது மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒருவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நோய் தெரியவந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பிழைக்கவில்லை. கடைசியாக அவர் கேட்டது வலையில் இருந்த ஒரு பெண்ணின் கதை. அதில் ஒரு வரி: "இப்படிக் கெடக்கதுக்கு மொத மாசமே போயிருக்கலாம்."

அதன்பிறகு விதி வந்தது. மனதைத் தளர்த்துகிற வாக்கியம் எதுவும் வெளியே போகக்கூடாது. போதும், வேண்டாம், முடியல என்ற சொற்கள் வருகிற இடத்தையெல்லாம் மென்பொருள் தேடிக் காட்டும். கெட்ட வார்த்தைகளையும் காட்டும். மாசானம் கேட்டுப் பார்த்து வெட்டுவான். வெட்டியதை 'கழிவு' என்று பெயர் வைத்த ஒரு கோப்புறையில் போடுவான். அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் அழிக்கவில்லை.

மூன்றாம் வருடம் அவனுடைய அக்கா உலகம்மாள் அந்த வட்டத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எம் பேரு உலகம்மாள். தென்காசி டெப்போவுல பத்தொம்பது வருசம் கண்டக்டர். ஒரு நா ஆலங்குளத்துல விசில் ஊதுதேன், காத்துதான் வருது, சத்தத்தக் காணும். டிரைவர் அண்ணாச்சி திரும்பிப் பாத்து, 'என்ன உலகம்மா, இன்னைக்கு மௌன விரதமா'ன்னு கேட்டாரு. அந்தாளு வாய வச்ச நேரம், இன்னா வந்து உக்காந்திருக்கேன்."

வட்டத்தில் சிரிக்க முடிந்தவர்கள் சிரித்தார்கள்.

"மகதான் ஊட்டுதா. ஊட்டும்போதே போனப் பாக்கா. சோறு மூக்குக்குப் போவுது. ஏட்டி வடிவு, வாயி கீழ இருக்குட்டின்னு சொல்லணும். ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுதேன் கேட்டுக்கிடுங்க. தொண்டையில ஓட்டையப் போட்டு மிசின மாட்டிக் கெடத்துறதா இருந்தா, அந்தச் சோலியே வேண்டாம். வண்டியக் கொண்டுபோயி செட்டுல போட்ருங்க."

மறுநாள் மாசானம் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டினான். அக்கா என்பதற்காக விதியை மாற்ற முடியாது. சாயங்காலம் அவளே கேட்டாள்.

"ஏல, எங்கதையில எத்தனய வெட்டுன?"

"நாலு எடம்."

"நாலுதானா? இன்னும் நாலு சொல்லிருக்கணும். தப்பிச்சுட்ட."

அவள் புருஷன் எப்போதோ திருப்பூரில் வேறு குடும்பம் என்று போய்விட்டவன். வீட்டில் அவளும் மகள் வடிவும் மட்டும்தான். வடிவு அப்போது கல்லூரிப் படிப்பை முடித்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை, போக முடியவில்லை. மாசானம் வாரத்தில் மூன்று நாள் தென்காசிக்குப் போய் உதவுவான். மற்ற நான்கு நாளும் முழுக்க அவள் பாடு.

அந்த வருடக் கடைசியில் பெட்டி வந்தது. அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு, எல்லோரும் பெட்டி என்றே சொன்னார்கள். தலையில் ஒரு துணித் தொப்பி, அதிலிருந்து ஒரு கம்பி, பக்கத்தில் டிபன்பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. குரல் போனவர்கள் நினைப்பதை, முன்பே பதிந்து வைத்த அவர்கள் குரலிலேயே அது பேசும். அறக்கட்டளையில் அதைக் கட்டியவன் மேலப்பாளையத்துப் பையன் மீரான். முப்பது வயதிருக்கும். எதையும் விளக்கும்போது டீ கிளாஸை வைத்துத்தான் விளக்குவான்.

"மூள முழு வாக்கியமா அனுப்பாது அண்ணாச்சி. இந்தா, கிளாசுல அடியில கொஞ்சம் டீ கெடக்குல்லா? அவ்வளவுதான் வரும். ஒரு சொல்லு, ரெண்டு சொல்லு, பாதிச் சொல்லு. மிச்சத்தப் பெட்டி ஊத்தி நெறப்பணும்."

"எத வச்சு ஊத்தும்?"

"இதே சீக்கு வந்தவங்க எப்படிப் பேசுவாங்கன்னு அதுக்குப் படிச்சுக் குடுத்திருக்கோம்ல. நம்ம கூட்டத்துல சொன்ன கதைய பூரா குடுத்தாச்சு. ஆயிரத்து நூறு பேரு. வேற எங்கயும் இப்படி ஒரு குவியல் கெடையாது."

மாசானத்துக்குப் பெருமையாக இருந்தது. எந்தக் கோப்பைக் கொடுத்தாய் என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

உலகம்மாளுக்கு நோய் வேகமாக ஏறியது. பலருக்குக் கடைசி வரை கண் அசையும். கண்ணாலேயே எழுத்தைக் காட்டிப் பேசுவார்கள். அவளுக்கு வந்த வகையில் கண்ணும் இமையும்கூட நின்றுபோயின. பெட்டியை விட்டால் அவளிடம் போக வேறு வழி இல்லை. மீரானே தென்காசிக்கு வந்து தொப்பியை மாட்டி, இரண்டு வாரம் உட்கார்ந்து பழக்கினான்.

முதல் முழு வாக்கியம் வந்த அன்று மாசானம் வீட்டில் இருந்தான். வயிற்றில் இறக்கிய குழாயில் வடிவு கஞ்சி ஊற்றி முடித்திருந்தாள். பெட்டியிலிருந்து உலகம்மாளின் குரல் கேட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

"நன்றி. இன்னைக்குக் கஞ்சி நல்லா இருந்துச்சு."

வடிவு கையில் இருந்த ஊசிக்குழலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், அழுதாள். "எம்மா, கொழாயில போற கஞ்சிக்கு ருசி தெரியுதாக்கும்? கொழுப்பப் பாருங்க மாமா!"

மாசானம் சிரிக்கவில்லை. அந்த வாக்கியம் அவனுக்குத் தெரிந்த வாக்கியம். கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் சொன்னது. அவர் குரலின் கரகரப்பைக்கூட அவன்தான் எடுத்தான். உலகம்மாள் பிறந்ததிலிருந்து யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சில்லறை சரியாகக் கொடுத்தவனிடம்கூட, "அப்பாடி, ஒருத்தனாவது சோறு திங்கான்" என்றுதான் சொல்வாள்.

மறுநாள் மீரானிடம் கேட்டான்.

"பெட்டிக்குப் படிச்சுக் குடுத்தது எந்தக் கோப்பு?"

"நீங்க சுத்தம் பண்ணுனது."

"சுத்தம் பண்ணாதது?"

"அது எதுக்கு அண்ணாச்சி? இருமலும் செருமலுமா கெடக்கும்."

இருமல் மட்டுமில்லை என்று மாசானம் சொல்லவில்லை. மீரான் சேர்ந்தது பெட்டி வேலைக்கு. விதி வந்த கதை அவனுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் நூற்று நாற்பது வீடுகளுக்குப் பெட்டி போய்விட்டது. அமைச்சர் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வீடுகளிலிருந்து நன்றிக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. 'பெட்டி வந்த பிறகு அப்பா கோபமே படுவதில்லை.' 'பின்கட்டு அறைக்கு மாற்றட்டுமா என்று கேட்டோம், சரி பரவாயில்லை என்றுவிட்டாள், மனசு நிறைந்துவிட்டது.' மாசானம் அந்தக் கடிதங்களைப் படித்தான். படித்துவிட்டுக் கோப்பில் வைத்தான். ஆயிரத்து நூறு பேரிடமிருந்து 'வேண்டாம்' என்ற சொல்லை உருவியெடுத்தது தன் கை என்பதும், அந்தக் கோப்பைத்தான் பெட்டி படித்தது என்பதும் சேர்த்துத் தெரிந்தவன் அந்த அலுவலகத்தில் அவன் ஒருவன்தான். பயமாக இருந்தது. வேலை போகும் என்ற பயம் கொஞ்சம். நூற்று நாற்பது வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டுமே என்ற பயம் மீதி. நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து மாதம் தள்ளினான்.

ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை டாக்டர் பிரிசில்லா வீட்டுக்கு வந்தார். மூன்று வருடமாகப் பார்க்கிற டாக்டர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"மூச்சு நாலுல ஒரு பங்குக்குக் கீழ போயிடுச்சு. இனிமே ரெண்டு வழிதான். தொண்டையில துளை போட்டு வென்டிலேட்டர் மாட்டலாம். மாட்டினா அஞ்சு வருஷம், பத்து வருஷம்கூட இருப்பாங்க, இப்படியே. மாட்டலைன்னா கஷ்டப்படாம இருக்க மருந்து குடுப்பேன். ரொம்ப நாள் இல்ல. வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அவங்ககிட்டயே கேப்போம், அவங்க உடம்பு."

கேட்டார். குனிந்து, காதருகில், நிதானமாக, இரண்டு வழியையும் சொல்லிக் கேட்டார். பெட்டி பத்துப் பதினைந்து வினாடி எடுத்துக்கொண்டது.

"போடுங்க. இருக்கணும்."

வடிவு ஒரு ஈரத்துணியை எடுத்து அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். டாக்டர் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"டாக்டர், ஒரு நிமிசம் வெளிய வாங்க" என்றான் மாசானம்.

வாசலில் வேப்பமரத்தடியில் நின்று சொன்னான். ஆறு வருடத்தையும் சொன்னான். யாரிடமும் சொல்லாததை அவரிடம் ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டான். டாக்டர் கைப்பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா இந்தப் பெட்டியால 'வேண்டாம்'னு சொல்லவே முடியாதா?"

"சொல்லிக் கேட்டதில்ல."

"வேண்டாம்னு சொல்லத் தெரியாத ஒண்ணு வேணும்னு சொன்னா, அத நான் என்னன்னு எடுத்துக்கறது சார்?"

"அதுதான் நானும் கேக்கேன்."

"எது அவங்க சொன்னது, எது பெட்டி சேத்ததுன்னு பிரிச்சுப் பாக்க வழி இல்லையா?"

"இருக்கும். நாலஞ்சு நாள் ஆகும்" என்றான் மாசானம். எத்தனை நாள் ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. மீரானிடம் கேட்டால் மீரானுக்குத் தெரிந்துவிடும். வாய் அதுவாக ஒரு கணக்கைச் சொன்னது.

"வியாழன் தாண்டக் கூடாது" என்றார் டாக்டர். "ஒண்ணு சொல்றேன். முன்னாடி வேண்டாம்னு அடிச்சுச் சொன்னவங்க நிறையப் பேரு, அந்த இடம் வந்ததும் வேணும்பாங்க. மனசு மாறும். நான் பாத்திருக்கேன்."

மாசானமும் கேட்டிருக்கிறான். அவன் சுத்தம் செய்த கதைகளிலேயே அப்படி எத்தனையோ பேர் இருந்தார்கள்.

மறுநாள் பெட்டியைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தான். வடிவு கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கட்டிலருகில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். யாரும் சரி என்று சொல்ல மாட்டாத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். சரி என்று பதில் வந்தால் அது பெட்டி.

"எக்கா, ஒன்னயத் தூக்கிட்டுப் போயி குத்தாலத்துல, அருவிக்கு மேல இருந்து உருட்டிப் போட்ருட்டா?"

பெட்டி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

"சரி, போடு. உன் இஷ்டம்."

குரல் சாந்தமாக இருந்தது. அன்பாகக்கூட இருந்தது. கட்டிலில் கிடக்கிறவள் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருக்கிறாள், இந்தப் பெட்டி அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஊருக்கு நல்லபிள்ளையாகப் பேசுகிறது, அந்தப் பெட்டியைச் செய்தது நான் என்று மாசானம் நினைத்தான். அந்த நினைப்பில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பல நாளாக எதிலும் இவ்வளவு உறுதி வந்ததில்லை.

புதன்கிழமை அலுவலகம் போய் 'கழிவு' கோப்புறையைத் திறந்தான். தேட வேண்டியிருக்கவில்லை, தேதி ஞாபகம் இருந்தது.

வியாழக்கிழமை டாக்டர் முன்னால், வடிவு முன்னால் அதைப் போட்டுக் காட்டினான். அக்காவுக்குக் கேட்க வேண்டாம் என்று கூடத்தில் வைத்துத்தான் போட்டான். உலகம்மாளின் உண்மையான குரல், அவளுடைய மூச்சோடு, நாற்காலிச் சத்தத்தோடு, யாரோ பின்னால் செருமுவதோடு வந்தது. தொண்டையில ஓட்டையப் போட்டு மிசின மாட்டிக் கெடத்துறதா இருந்தா, அந்தச் சோலியே வேண்டாம். வண்டியக் கொண்டுபோயி செட்டுல போட்ருங்க. சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு.

"அவங்களே சொன்னதுக்கு இது ஒண்ணுதான் நம்பற மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். "மக கையெழுத்துப் போடணும்."

வடிவு பேனாவைப் பிடித்துக்கொண்டு மாசானத்தைப் பார்த்தாள்.

"மாமா, உறுதியாத் தெரியுமா?"

"எங் கையால வெட்டுனது எனக்குத் தெரியாதா?"

அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் மாசானமே அக்காவின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினான். நெற்றியில் தடம் விழுகிறது என்று சொன்னான். தடம் விழத்தான் செய்தது, ஆனால் காரணம் அதுவல்ல. மறுபடி பெட்டி 'போடுங்க' என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார அவனால் முடியாது. டாக்டர் மருந்து கொடுத்தார். உலகம்மாள் தூங்கினாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள். நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு, தெருவில் காய்கறி வண்டி போய்க்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. அந்த நான்கு நாளில் அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்பது எங்கேயும் பதிவாகவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நாற்பது நாள் கழித்துப் பெட்டியை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தான். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அழிப்பதற்கு முன் மீரான் கேட்டான்.

"அக்கா சொன்னது எல்லாம் உள்ள இருக்கு அண்ணாச்சி. ஞாபகத்துக்கு எடுத்து வைக்கவா?"

"வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் பிரிச்சுப் பாக்கணும். எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வாக்கியந்தான? டீ வாங்கிட்டு வாங்க, வாரதுக்குள்ள முடிஞ்சிரும்."

மாசானம் டீ வாங்கப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றான். ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை, காலை பத்தேகால். திரையில் இரண்டு நிறத்தில் சொற்கள் வந்தன. கறுப்பு மூளையிலிருந்து வந்தது, பச்சை பெட்டி சேர்த்தது. அந்த வாக்கியத்தில் பச்சையே இல்லை.

"இது முழுக்க அக்கா பேசுனது" என்றான் மீரான். "இவ்வளவு தெளிவா வாரது அபூர்வம். பாருங்க, 'இருக்கணும்'ங்கறது மூணு தடவ வந்திருக்கு. திரும்பத் திரும்ப வந்தா பெட்டி ஒண்ணாக்கிரும், அதான் வெளிய ஒரு தடவ கேட்டிருக்கு. இருக்கணும், இருக்கணும், இருக்கணும். எது இருக்கணும்னு சொன்னாவ?"

"மறுநா ஒண்ணு இருக்கும். காலைல. அதையும் பாரு" என்றான் மாசானம்.

அதில் பச்சை இருந்தது. 'உன் இஷ்டம்' என்பது பெட்டி ஒட்டவைத்தது. 'சரி, போடு' கறுப்பு. அதற்குப் பின்னால் ஒரு சொல் அடித்துவிடப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"பெட்டிக்குத் தெரியாத சொல்லு. நாம படிச்சுக் குடுத்ததுல இல்லாதது வந்தா தள்ளிரும். இருங்க, எழுத்தாக்கிப் பாப்போம்." மீரான் தட்டினான், படித்தான், சிரித்துவிட்டான். "அண்ணாச்சி, அக்கா ஒங்களத்தான் ஏசிருக்காவ. 'சரி, போடுல மூதேவி.' என்னத்தக் கேட்டிய அப்படி?"

கேட்டது விளையாட்டுக் கேள்வி என்று அவள் எடுத்துக்கொண்டாள். எட்டு வயதிலிருந்து எல்லாக் கேள்விக்கும் எப்படிப் பதில் சொன்னாளோ அப்படிச் சொல்லியிருக்கிறாள். தம்பி தலைமாட்டில் உட்கார்ந்து உயிரோடு இருக்கலாமா வேண்டாமா என்று பரீட்சை வைக்கிறான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஏச்சு வார்த்தைகளையும் மாசானம்தான் வெட்டினான். அந்த ஒரு சொல் வெளியே வந்திருந்தால் போதும். அதைக் கேட்ட நிமிடமே அவனுக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்கும்.

"இத ஏன் அன்னைக்கே கேக்கல?" என்றான் மீரான். அவன் குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அன்றைக்கே மாசானம் எல்லாவற்றையும் சொன்னான். இந்தத் தடவை பயம் வரவில்லை. பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. மீரான் முதலில் நம்பவில்லை, அப்புறம் நம்பினான், அப்புறம் ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. அறக்கட்டளைத் தலைவர் வேலையைவிட்டு எடுப்பார் என்று நினைத்தான். எடுக்கவில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்ட அவனை விட்டால் ஆளில்லை. கழிவுக் கோப்புறையைத் திறந்து எட்டாயிரம் வாக்கியங்களையும் அவன் மறுபடி கேட்டான். போதும். முடியல. என்னய விட்டுருங்க. இந்தப் பயலுவ மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. நாளைக்கும் இதே கஞ்சிதானா. இரண்டு மாதம் பிடித்தது. பெட்டிகளுக்குப் புதிதாகப் படித்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

சில வீடுகளிலிருந்து புகார் வந்தது. பெட்டி கெட்டுவிட்டது, அப்பா திட்டுகிறார். பழையபடியே மாற்றித் தாருங்கள். கடையநல்லூரிலிருந்து ஒரு மருமகள் நேரில் வந்து அழுதாள். "நல்லா இருந்தவங்கள என்ன பண்ணுனிய?"

வடிவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் வேலை கிடைத்து அவள் மறுநாள் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும், இனி தள்ள முடியாது என்று தென்காசிக்குப் போனான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனான். அவள் கத்த வேண்டும், வீட்டைவிட்டு வெளியே போ என்று சொல்ல வேண்டும் என்று உள்ளூர விரும்பினான். அதை வாங்கிக்கொண்டால் பாரம் கொஞ்சம் இறங்கும்.

கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே தரையில் உட்கார்ந்து வடிவு பயணப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாசானம் நின்றபடியே சொல்லி முடித்தான். கறுப்பு, பச்சை, மூன்று தடவை, எல்லாம். டீ வாங்கி வருகிற நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை என்பதையும் சொன்னான்.

அவள் ஒரு சுடிதாரை நான்காக மடித்து உள்ளே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா."

"என்னது?"

"அது அம்மாதான்னு. அன்னைக்கே தெரியும்."

"எப்படி? மீரானே பிரிச்சுப் பாத்துத்தான சொன்னான்."

"அம்மாவுக்கு எதாவது ஒண்ணு நெசமா வேணும்னா நெத்தி வேர்த்துரும். சீலயத் திருப்பிப் போடணும்னாலும் சரி, கால நீட்டணும்னாலும் சரி. பெட்டி பேசும்போது வேர்க்கலேன்னா அது பெட்டி. வேர்த்தா அம்மா. மூணு வருசமா தொடச்சது நாந்தான். அன்னைக்கு டாக்டர் கேக்கும்போது துணி பூரா நனஞ்சு போச்சு."

மாசானம் தரையில் உட்கார்ந்தான். "பெறகு ஏன் கையெழுத்துப் போட்ட?"

"நீங்க டேப்பப் போட்டிய. அம்மா அதுல சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு. எனக்குச் செத்த உசுரு வந்த மாதிரி இருந்துச்சு." அவள் நிமிரவில்லை. "மிசின் போட்டா பத்து வருசம் இருப்பாவன்னு டாக்டர் சொன்னாவல்ல? எனக்கு அப்ப இருவத்தஞ்சு. ரெண்டு மணிக்கு ஒருக்க சளி உறிஞ்சணும். பத்து வருசம் கழிச்சு முப்பத்தஞ்சு. அத மட்டுந்தான் நெனச்சேன். நீங்க உறுதியா இருந்திய. உறுதியா இருக்கவங்க பின்னால நின்னுக்கிடலாம்னு நின்னுக்கிட்டேன்."

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்லாட்டி."

"நீங்க கேக்கவே இல்லயே மாமா. பெட்டிகிட்ட கேட்டிய. டாக்டர்கிட்ட கேட்டிய. அம்மாவோட பழைய பேச்சத் தேடி எடுத்துக் கேட்டிய. கூடவே கெடந்தவ ஒருத்தி இருந்தேன்."

தெருவில் யாரோ யாரையோ சத்தமாகக் கூப்பிட்டார்கள். வடிவு கடைசித் துணியையும் வைத்து மூடியைச் சாய்த்தாள். ஜிப் பாதி வரை வந்து நின்றது. மறுபடி இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"கூடிப் போச்சு" என்றாள். "அந்தப் பக்கம் அமுக்கிப் பிடிங்க."

மாசானம் முட்டி போட்டு இரண்டு கையாலும் அமுக்கினான். அவள் இழுத்தாள்.